வாரிசாக வந்த கரிமருந்து ரிவால்வர்கள்: வைப்பதும் சுடுவதும்

1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் ஒரு தலைமுறை, உள்நாட்டுப் போர்க்காலத்து ரிவால்வர்களின் நகல்களை ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்தது. அந்தத் தலைமுறையில் பலர் இன்று இல்லை. அலமாரியின் மேல்தட்டிலும் கராஜ் மூலையிலும் இருந்த அவர்களுடைய துப்பாக்கிகள், அவற்றைப் பற்றி எதுவும் தெரியாத மகன், மகள், மருமகன், பேத்தி கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதியது.

ஒருவரே சேகரிப்பவராகவும் சுடுபவராகவும் இருக்கலாம். ஆனால் ஒரே துப்பாக்கியிடம் இரண்டையும் எதிர்பார்க்கக் கூடாது. நினைவுக்காக வைக்க வேண்டியதைச் சுட்டால் அது தேய்ந்து கெடும். சுடத் தகுந்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டினால், அதை வாங்கியவருக்கு எது பிடித்திருந்தது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். ஆகவே வாரிசின் முதல் வேலை பிரிப்பது. அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

உள்ளே மருந்து இருக்கிறதா?

தோட்டா போடும் ரிவால்வரைத் திறந்தால் பின்பக்கத்திலேயே தோட்டா தெரிந்துவிடும். இந்த வகையில் தோட்டா என்பதே கிடையாது. சிலிண்டரில் பெரும்பாலும் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கமாகக் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலுக்குக் கீழே உள்ள நெம்புகோலால் அழுத்தி இறக்குவார்கள். அறையின் பின்பக்கம் நிப்பிள் என்ற சிறு துளைக்குழாய் திருகப்பட்டிருக்கும். அதன் தலையில் செம்புக் கேப் ஒன்றைச் செருக வேண்டும். குதிரை என்ற சுத்தி விழுந்து கேப்பை அடித்தால் பொறி துளை வழியாக இறங்கி மருந்தைப் பற்றவைக்கும்.

ஈரம் படாத கரிமருந்து பல பத்தாண்டுகள் வீரியம் குறையாமல் கிடக்கும். கடைசியாக வைத்தவர் குண்டு நிரப்பியபடியே வைத்துவிட்டுப் போயிருந்தால், அது இன்றும் வெடிக்கத் தயாராகத்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் யார் என்ன சொன்னாலும், நிரம்பியிருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு கையில் எடுங்கள். குழலின் வாய் ஆளில்லாத திசையை நோக்கட்டும். விரல் விசைக்குப் போக வேண்டாம். குதிரையை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

முதலில் நிப்பிள்களைப் பாருங்கள். செம்பு நிறத்தில் கேப் உட்கார்ந்திருந்தால், மரக்குச்சி ஒன்றால் பக்கவாட்டில் மெல்ல நெம்பி அகற்றுங்கள். கேப்பைத் தட்டக் கூடாது, இரும்பு முனையால் நோண்டவும் கூடாது. குதிரை கேப்பின் மேலேயே அமர்ந்திருந்தால் நீங்கள் தொட வேண்டாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவரை அழையுங்கள். எல்லாக் கேப்பும் போன பிறகு சிலிண்டரைக் கழற்றலாம்.

கழற்றும் முறை இரண்டு. ரெமிங்டன் வகைக்குச் சிலிண்டரின் தலைக்கு மேலும் ஓர் இரும்புப் பட்டை ஓடும். நெம்புகோலைக் கீழே இறக்கி, குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, சிலிண்டர் அச்சை முன்னால் உருவினால் சிலிண்டர் பக்கவாட்டில் உருண்டு வந்துவிடும். கோல்ட் வகைக்கு மேலே திறந்திருக்கும். குழலின் அடியில் குறுக்காக ஓர் ஆப்பு செருகியிருக்கும். அதை மரச் சுத்தியால் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகத் தட்டித் தளர்த்த வேண்டும். பிறகு குதிரையைப் பாதி இழுத்து, நெம்புகோலின் முனை இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள இரும்பில் படும்படி சிலிண்டரைத் திருப்பி அழுத்தினால் குழல் முன்னால் நகர்ந்து கழலும்.

கழற்றிய சிலிண்டரை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். காலி அறையின் அடியில் நிப்பிள் துளை ஊசிமுனை வெளிச்சமாகத் தெரியும். நிரம்பிய அறையில் சாம்பல் நிறத்தில் மங்கிய ஈயமோ காய்ந்த கொழுப்போ தெரியும். அப்படியானால் சிலிண்டரைத் தண்ணீரில் ஊறவைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அவர் நிப்பிளைக் கழற்றி, மருந்தை நனைத்துவிட்டுக் குண்டைப் பின்னாலிருந்து தள்ளி எடுப்பார். வீட்டில் டிரில் போட்டுக் குண்டைத் தோண்டுவது உயிரோடு விளையாடுவது. குழலுக்குள்ளும் ஒரு மரக்கோலை விட்டுப் பாருங்கள். எப்போதோ பாதியில் நின்றுபோன குண்டு அங்கே இருக்கலாம்.

கூடவே வரும் பெட்டியையும் இதே கவனத்தோடு பாருங்கள். மருந்துக்குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, வெள்ளை பூத்த பழைய ஈயக் குண்டுகள், துருப்பிடித்த டப்பாவில் பொடி என்று ஒரு குவியல் இருக்கும். பெயர் அழிந்த டப்பாவில் உள்ள பொடியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் கரிமருந்து அல்ல. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து இந்த ரிவால்வருக்குள் போனால் சிலிண்டரைப் பிளந்துவிடும். அந்த டப்பாவை எப்படி அப்புறப்படுத்துவது என்று உள்ளூர்த் தீயணைப்புத் துறையைக் கேளுங்கள். வெள்ளைப் பொடி படிந்த ஈயத்தை வெறுங்கையால் தொட வேண்டாம். குழந்தைகளை அந்த அறைக்குள் விடவே வேண்டாம்.

இது எங்கே செய்தது?

ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் ஒரு கதை உண்டு: இது கொள்ளுத்தாத்தா போரில் வைத்திருந்தது என்று. பெரும்பாலும் அது வட இத்தாலியிலிருந்து வந்ததாக இருக்கும். பிரேசியா நகருக்கு அருகே வால் திரோம்பியா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இரும்புச் சுரங்கங்கள் இருந்த, துப்பாக்கிக் கொல்லர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த இடம். பெரெட்டா குடும்பம் 1526 முதல் அங்கேதான் குழல் செய்கிறது. 1950களின் இறுதியில் நியூஜெர்சியைச் சேர்ந்த வால் ஃபோர்ஜெட் என்ற வணிகர், 1851ஆம் ஆண்டு மாடல் கோல்ட் நேவி ரிவால்வரின் நகலைச் செய்துதரும்படி அங்கே உள்ள கார்தோனே ஊரின் பட்டறைகளைக் கேட்டார். விட்டோரியோ கிரெகோரெல்லியும் ஆல்டோ உபெர்ட்டியும் செய்துகொடுத்தார்கள். அந்த ரிவால்வரின் பெயரையே ஃபோர்ஜெட் தன் நிறுவனத்துக்கு வைத்தார்: நேவி ஆர்ம்ஸ். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் தொடங்கவிருந்த நேரம் அது. விற்பனைக்குச் சொல்லவா வேண்டும்!

அந்த முதல் தொகுதியில் ஜி, யூ என்ற இரண்டு எழுத்துகள் பொறித்த துப்பாக்கி உங்களுக்குக் கிடைத்திருந்தால், நகல்களின் வரலாற்றிலேயே முதல் பக்கம் உங்கள் கையில் இருக்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சென்டார் என்ற பெயரில் செய்த 1960 நியூ மாடல் ஆர்மியும் இதே காலத்தது. அதைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஐரோப்பாவில் நிறையவே இருக்கிறார்கள். பிறகு பியெட்டா, ஆர்மி சான் மார்கோ, யூரோஆர்ம்ஸ் என்று பெயர்கள் பெருகின. 1971இல் கோல்ட் நிறுவனமே தன் பழைய மாடல்களை மறுபடி வெளியிடத் தொடங்கி 1982 வரை செய்தது. சேகரிப்பவர்கள் அவற்றை இரண்டாம் தலைமுறைக் கோல்ட் என்கிறார்கள்.

இத்தாலியத் துப்பாக்கிக்கு வயது சொல்வது எளிது. அங்கே செய்த ஒவ்வொன்றும் அரசுச் சோதனைச்சாலையில் கூடுதல் மருந்தோடு சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை வாங்கியிருக்க வேண்டும். ஒரு நட்சத்திரமும் அதன் கீழே பி, என் என்ற எழுத்துகளும் இருந்தால், கரிமருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று பொருள். பக்கத்திலேயே சிறு கட்டத்துக்குள் ஆண்டுக் குறி இருக்கும். 1974 வரை ரோமன் எண்கள்: 20 என்றால் 1964, 30 என்றால் 1974. அடுத்த ஆண்டிலிருந்து இரட்டை எழுத்துகள்: ஏஏ 1975, ஏபி 1976, ஏசி 1977. பிஏ வந்தால் 1991. பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும்.

குழலின்மேல் கோல்ட் முகவரி இருப்பது மட்டும் பழைய அசல் என்பதற்குச் சான்றாகாது. இரண்டாம் தலைமுறையிலும் அது உண்டு. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் அரத்தின் தடமோ பள்ளமோ தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள். நகலின் முத்திரைகளை அழித்து, அமிலம் தடவிப் பழுப்பாக்கி, அசல் என்று விற்ற ஏமாற்று வேலை இந்தத் தொழிலில் நெடுநாளாக நடப்பது. வாங்கியவர் நம்பி வாங்கியிருக்கலாம். நீங்கள் அதை அசல் என்று அடுத்தவருக்கு விற்றால் அந்தப் பொய்யில் உங்களுக்கும் பங்கு வந்துவிடும்.

சிலிண்டரைச் சுற்றியிருக்கும் சித்திரத்தையும் நின்று பாருங்கள். நேவி மாடலில் இருப்பது 1843 மே 16 அன்று கம்பேச்சே கடலில் டெக்சஸ் கப்பல்கள் மெக்சிகோவோடு போரிட்ட காட்சி. 1849 பாக்கெட் மாடலில் ஒரு கோச்சு வண்டிக் கொள்ளை. வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி செதுக்கிய இந்தச் சித்திரங்களை நகல்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. சித்திரத்தின் கோடுகள் கூர்மையாக இருந்தால் துப்பாக்கி அதிகம் கையாளப்படவில்லை.

பிரிப்பது

வைக்கவா சுடவா என்பதைப் பெரும்பாலும் பிரேம் என்ன உலோகம் என்பதே சொல்லிவிடும். பளபளக்கும் பித்தளைப் பிரேம் பார்ப்பவரை மயக்கும். உள்நாட்டுப் போரின்போது தெற்கு மாநிலங்கள் இரும்புப் பஞ்சத்தால் பித்தளைக்குப் போயின. ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் என்ற தொழிற்சாலை .36 அளவில் சுமார் 3,600 ரிவால்வர்கள் செய்தது. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். 1864 நவம்பரில் யூனியன் படை அந்த ஆலையை எரித்தது. சேகரிப்பவர்கள் இந்தத் துப்பாக்கிகளின் அழகைப் பேசும்போது அவற்றைச் செய்த கைகளையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நகல் செய்தவர்கள் பித்தளைப் பிரேமை விலை குறைவு என்பதற்காகப் பெருக்கினார்கள். .44 அளவில் பித்தளைப் பிரேம் போட்ட 1851 நேவி கடைகளில் ஏராளமாக விற்றது. வரலாற்றில் கோல்ட் நிறுவனம் .44 அளவில் அந்த மாடலைச் செய்ததே இல்லை. பித்தளை மென்மையானது. ஒவ்வொரு வெடிக்கும் சிலிண்டர் பின்னால் உந்தி, பிரேமின் முகத்தில் தன் அடையாளத்தைப் பதிக்கும். சிலிண்டர் சுழலும் மைய அச்சு பித்தளைக்குள் மெல்லத் தளரும். உங்கள் துப்பாக்கியில் சிலிண்டருக்குப் பின்னால் உள்ள பிரேம் முகத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே வட்டமாகப் பற்கள் பதிந்த தடம் இருந்தால் அதற்கு ஓய்வு கொடுங்கள்.

1970களில் இவை கிட்டாகவும் விற்கப்பட்டன. கனெக்டிகட் வேலி ஆர்ம்ஸ் போன்றவர்களிடம் கரடுமுரடான வார்ப்பாக வாங்கி, வீட்டில் அரம் போட்டு, மெருகேற்றி, மரப்பிடியைத் தேய்த்துப் பொருத்துவார்கள். சந்தையில் இவற்றுக்கு மதிப்பு மிகக் குறைவு. வாரிசுக்கு அப்படியில்லை. பிடி பிரேமைச் சந்திக்கும் இடத்தில் அப்பாவின் அரம் போன தடம் இருக்கும். அதை மறுபடி மெருகேற்றிப் புதிதாக்கிவிடாதீர்கள். அந்தத் துப்பாக்கியில் விலைமதிக்க முடியாதது அந்தத் தடம் மட்டும்தான்.

வைக்க வேண்டியவை வேறு இரண்டு வகை. ஒருமுறையும் சுடாமல், பெட்டியும் காகிதங்களும் கலையாமல் இருக்கும் இரண்டாம் தலைமுறைக் கோல்ட். சுட்ட கணமே அதன் மதிப்பில் ஒரு பகுதி போய்விடும். அடுத்து, எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் அதன் இயக்கம் பழுதாகி, பாகம் கிடைக்காத நிலையில் இருப்பது.

சுடத் தகுந்தது எஃகுப் பிரேம் உள்ளது. ரெமிங்டன் 1858 நகல், கோல்ட் 1860 ஆர்மி, எஃகில் செய்த 1851 நேவி, இவை மூன்றும் நல்ல துணைகள். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் ரெமிங்டனைத்தான் கொடுப்பேன். தலைக்குமேல் பட்டை இருப்பதால் உறுதி. சிலிண்டரைக் கழற்றுவதும் சுலபம். 1972 முதல் 2008 வரை வந்த ரூகர் ஓல்ட் ஆர்மி உங்கள் பெட்டியில் இருந்தால் அதிர்ஷ்டம்தான். அது எந்தப் பழைய மாடலின் நகலும் இல்லை. நவீன எஃகு, நவீன ஸ்பிரிங் போட்டுச் செய்தது. இந்த வகையில் அதைவிட உறுதியானது இல்லை.

எஃகு என்றாலும் சுடுவதற்குமுன் பழுதுபார்ப்பவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். குதிரையை மெதுவாக முழுதும் இழுக்கும்போது சிலிண்டர் சரியான இடத்தில் பூட்டிக்கொள்கிறதா, பூட்டிய பிறகு ஆடுகிறதா, பாதி இழுத்த நிலையில் விசையை அழுத்தினால் குதிரை விழாமல் நிற்கிறதா, நிப்பிள் தலைகள் நசுங்கியிருக்கின்றனவா, அறைகளுக்குள் துரு குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். நிப்பிள்கள் தேய்ந்திருந்தால் புதிய தொகுதி மலிவாகவே கிடைக்கும், தயங்காமல் மாற்றுங்கள்.

சட்டம்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, தோட்டா ஏற்காத இந்த நகல்களைப் பழம்பொருள் வகையில் சேர்த்துப் பொதுவான துப்பாக்கி விதிகளிலிருந்து விலக்குகிறது. ஆனால் மாநிலங்கள் அப்படியே பின்பற்றுவதில்லை. நியூஜெர்சி போன்றவை இவற்றையும் துப்பாக்கியாகவே நடத்துகின்றன. ஒரு மாநிலத்தில் இறந்தவரின் துப்பாக்கியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகுமுன் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டா போடும் மாற்றுச் சிலிண்டர் பொருத்தினால் கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையும் மாறிவிடும்.

லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் வாசகர்கள் இந்த விலக்கை நம்பிவிட வேண்டாம். பிரிட்டனில் இதற்குத் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். கரிமருந்து வைத்திருக்கத் தனிச் சான்றிதழும் வேண்டும். கனடாவில் 1898இலும் அதற்குப் பிறகும் செய்த கைத்துப்பாக்கிகள் கட்டுப்படுத்தப்பட்டவை. 2022 அக்டோபருக்குப் பிறகு அவற்றைத் தனியாருக்குக் கைமாற்றுவதே பெரும்பாலும் நின்றுவிட்டது. இந்தியாவிலோ வெடிமருந்தால் குண்டை உந்தும் எதுவும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிதான். அமெரிக்காவில் மாமா விட்டுச்சென்றதை நினைவுப்பொருள் என்று பெட்டியில் வைத்துச் சென்னை விமானத்தில் ஏற நினைக்காதீர்கள்.

சுடுவது

அனுபவமுள்ள ஒருவரோடு, அனுமதி பெற்ற சுடுகளத்தில் தொடங்குங்கள். இண்டியானாவின் ஃபிரெண்ட்ஷிப் ஊரில் தளம் வைத்திருக்கும் தேசிய முன்வாய்த் துப்பாக்கிச் சங்கம் 1933இல் தொடங்கியது. அதுபோன்ற சங்கங்களின் உள்ளூர்க் கிளைகளில் புதியவருக்குச் சொல்லித்தரும் பெரியவர்கள் இருப்பார்கள். கண்ணாடியும் காதுக்காப்பும் எல்லாருக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் கட்டாயம். கேப் வெடிக்கும்போது செம்புச் சில்லுகள் பக்கவாட்டில் தெறிக்கும்.

முதலில் காலி அறைகளில் கேப் மட்டும் வைத்து, குழல் வாயைத் தரையில் ஒரு காய்ந்த இலைக்கு அருகே காட்டிச் சுடுங்கள். ஆறு முறையும் இலை அசைந்தால் ஆறு துளைகளும் திறந்திருக்கின்றன. அறைக்குள் மிஞ்சிய எண்ணெயும் இதில் எரிந்துவிடும்.

இனி மருந்து. மூன்று எஃப் என்று குறித்த மணி அளவுதான் கைத்துப்பாக்கிக்கு உரியது. கிரெயின் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். உங்கள் துப்பாக்கியைச் செய்தவரின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே எல்லை. கையேடு கிடைக்காமல் போனால் அந்த நிறுவனத்திடமே கேட்டு வாங்கிவிட்டுச் சுடுங்கள். பொதுவாக .36 எஃகுக்கு 15 முதல் 20 கிரெயின், .44 எஃகுக்கு 20 முதல் 25 கிரெயின் என்பது சாந்தமான, குறி தவறாத அளவு. பித்தளைப் பிரேமைச் சுட்டே தீருவேன் என்றால் இதிலும் குறைத்துக்கொள்ளுங்கள். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளை எடையில் அளக்கக் கூடாது. கரிமருந்துக்கான அளவுக்குழாயில் கன அளவாக அளக்க வேண்டும். டிரிபிள் செவன் இன்னும் வீரியமானது என்பதால் கன அளவிலும் 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள்.

குடுவையிலிருந்து நேரே அறைக்குள் மருந்தைக் கொட்டாதீர்கள். முந்தைய சுற்றின் கங்கு ஒன்று உள்ளே இருந்தால் கையில் இருக்கும் குடுவை முழுவதும் வெடிக்கும். தனி அளவுக்குழாயில் எடுத்து, குடுவையை மூடித் தள்ளி வைத்துவிட்டு, பிறகு ஊற்றுங்கள்.

குண்டு தூய மென்மையான ஈயமாக இருக்க வேண்டும். அறையைவிட ஒரு நூலளவு பெரிதாக இருப்பதே சரி: .36 ரிவால்வருக்கு .375 அல்லது .380 குண்டு, .44க்கு .451 அல்லது .454, ரூகருக்கு .457. நெம்புகோலால் அழுத்தும்போது விளிம்பில் மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வெளியே வரும். அது வந்தால் குண்டு அறையை முழுதாக அடைத்திருக்கிறது. வராவிட்டால் அந்தக் குண்டு அந்தத் துப்பாக்கிக்குச் சின்னது.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் அறை வெடிக்கும்போது அதன் தீ பக்கத்து அறைக்குத் தாவி, இரண்டு மூன்று அறைகள் ஒன்றாக வெடிப்பது உண்டு. குழலுக்கு நேரே இல்லாத அறையின் குண்டு பிரேமையும் நெம்புகோலையும் இடித்துக்கொண்டு போகும். முன்னால் கை இருந்தால் கையையும். தீ முன்வாய் வழியாகவும் நுழையலாம், தளர்ந்த கேப்பின் அடியில் பின்னாலும் நுழையலாம் என்று சுடுபவர்கள் இரண்டு கட்சியாகப் பேசுவார்கள். இரண்டையும் அடைத்துவிடுவதுதான் புத்தி. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே கொழுப்பில் ஊறிய கம்பளி வட்டு ஒன்றை வையுங்கள், அல்லது குண்டின் தலைமேல் கிரீஸ் பூசுங்கள். நிப்பிளில் இறுகப் பொருந்தும் கேப்பைத் தேர்ந்தெடுங்கள். 10, 11 என்ற இரண்டு எண்களில் எது உங்கள் நிப்பிளுக்குச் சேர்கிறது என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். தளர்ந்த கேப்பைக் கிள்ளி நெளித்து மாட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சரியான எண் வாங்குவதே மேல். இடது கை ஒருபோதும் சிலிண்டருக்கு முன்னால் போகக் கூடாது.

அந்தக் கிரீஸ் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்ததாகவோ தாவர எண்ணெய் சேர்ந்ததாகவோ இருக்கட்டும். பெட்ரோலிய கிரீஸ் கரிமருந்துக் கசடோடு சேர்ந்து தாராக இறுகிவிடும்.

குறைந்த அளவு மருந்து போட்டால் குண்டு ஆழத்தில் இறங்கிவிடும். நெம்புகோல் அதுவரை எட்டாமலும் போகலாம். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கவே கூடாது. அதற்கு மருந்தின்மேல் கோதுமை ரவையைப் போட்டு நிரப்புவது அமெரிக்கச் சுடுகளங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். குண்டு அறையின் வாய்க்கு அருகே வருவதால் குறியும் சீராகிறது.

ஆறு அறை இருந்தாலும் ஐந்தை மட்டும் நிரப்பி, குதிரை காலி அறைமேல் இருக்கும்படி வைப்பது நல்ல பழக்கம். கேப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில், குறிப்பலகையை நோக்கி நின்றபடிதான் மாட்ட வேண்டும்.

சுடும்போது கை தூக்கி எறியப்படாது. நீளமான ஓர் உந்தல்தான். வெள்ளைப் புகை திரண்டு குறிப்பலகையை மறைக்கும். கந்தக நெடி வரும். 25 கஜத்தில் கோல்ட் நகல்கள் குறிக்கு மேலே அரை அடி, சில சமயம் ஓர் அடிகூட உயர்த்திச் சுடும். பயந்து குழலை வளைக்கவோ அறுக்கவோ கிளம்பிவிடாதீர்கள். கோல்ட் தன் ரிவால்வர்களை அதைவிட நெடிய தூரத்துக்குப் பார்த்து அமைத்தது. கோல்ட் வகையில் பின்குறி என்பது குதிரையின் தலையில் வெட்டிய காடிதான். குறிப்பலகையில் கீழே பிடித்துச் சுடப் பழகுங்கள்.

வெடித்த கேப்பின் சில்லு குதிரைக்கும் பிரேமுக்கும் நடுவே விழுந்து இயக்கத்தை அடைப்பது கோல்ட் வகையின் பெரிய தொல்லை. குழலை வானம் நோக்கி உயர்த்திக் குதிரையை இழுத்தால் சில்லு வெளியே விழுந்துவிடும் என்று அனுபவசாலிகள் செய்வார்கள். உங்கள் சுடுகளத்தின் விதி அதை அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலைக் குறிப்பலகையை நோக்கியே வைத்து ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். இந்த மருந்து சில சமயம் தாமதமாகவும் வெடிக்கும்.

போட்டிக்கு ஆசை வந்தால் வழி இருக்கிறது. உலக முன்வாய்த் துப்பாக்கிப் போட்டிகளில் 25 மீட்டர் ரிவால்வர் பிரிவுக்கு மரியெட் என்று பெயர். 13 குண்டு சுட்டு, சிறந்த 10 கணக்கில் எடுக்கப்படும்.

சுத்தம் செய்வது

கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கசடாக மிஞ்சும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரவு தாண்டினால் குழலில் செந்துரு பூத்துவிடும். ஆகவே சுட்ட அன்றே சுத்தம் செய்ய நேரம் இல்லை என்றால் அன்று சுடாதீர்கள்.

விலையுயர்ந்த திரவம் எதுவும் தேவையில்லை. மரப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழலையும் சிலிண்டரையும் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். நிப்பிள்களை அதற்குரிய சாவியால் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும். இரும்பு சூடாக இருக்கும்போதே துடைத்தால் ஈரம் தானே பறந்துவிடும். பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. நிப்பிள் மரைக்குச் சற்றுக் கெட்டியான கிரீஸ். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். பழுப்பு ஏறினால் மறுபடி துடைத்து எண்ணெய் இடுங்கள். சில சுற்றுகளுக்கு ஒருமுறை உள் இயக்கத்தையும் பிரித்துக் கழுவ வேண்டும். திருகுகளின் தலை சிதையாதபடி, காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். ஈயம் விரலிலிருந்து வாய்க்குப் போகும்.

தோலுறையில் வைத்து மூடாதீர்கள். தோலில் உள்ள உப்பும் அமிலமும் நீலப் பூச்சைத் தின்னும். பஞ்சு திணித்த பெட்டியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சிலிக்கோன் ஏற்றிய துணிப்பையில் இட்டு, பூட்டிய இரும்புப் பெட்டியில், மருந்தும் கேப்பும் இல்லாத இடத்தில் வையுங்கள். மருந்து அது வந்த டப்பாவிலேயே, தீயும் பொறியும் அண்டாத வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு துப்பாக்கியோடும் ஒரு தாள் வையுங்கள். சுடுவதாக இருந்தால் அதில் குண்டின் அளவு, மருந்தின் அளவு, கேப் எண், எந்தத் தூரத்தில் எவ்வளவு உயர்த்திச் சுடுகிறது, கடைசியாக எப்போது கழுவி எண்ணெய் இட்டீர்கள் என்று எழுதுங்கள். வைப்பதாக இருந்தால் யார் வாங்கினார், எந்த ஊரில், கிட்டாக இருந்தால் யார் அரம் போட்டார், முத்திரை என்ன, ஏன் சுடக் கூடாது என்று எழுதுங்கள். இரண்டு வகைத் தாளிலும் முதல் வரி ஒன்றே: ஆறு அறைகளும் காலி, இன்ன தேதியில் இன்னார் பார்த்தது.